வட்ட அம்பை அமுக்கினால் வாசகர் வருவார்

“டீச்சர், நாங்க எழுதறத எல்லாம் நீங்க மட்டும்தான் படிப்பீங்களா?”

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, தமிழாசிரியை இரண்டு கைகளிலும் கட்டுரை நோட்டுகளை அடுக்கி, மேல் நோட்டைத் தாடையால் அழுத்திப் பிடித்தபடி வகுப்பைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அடுக்கு சரிந்துவிடும். அதனால் முன் பெஞ்சில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடிந்தது.

“ஆமா. படிச்சுத் திருத்திக் கொடுப்பேன்.”

“அதுக்கப்புறம் யாரு படிப்பா?”

அதற்கப்புறம் அந்த நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதைச் சொல்ல ஆசிரியைக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நழுவினாள்.

அந்தச் சிறுமிக்கு வகுப்பில் கேள்விப்பெட்டி என்று பெயர். வம்புக்காகக் கேட்கிற பிள்ளை இல்லை. தெரிந்துகொள்ளாமல் சும்மா இருக்க முடியாத பிள்ளை. அன்று மாலை வீட்டில் பாத்திரம் துலக்கும்போதும், படுக்கும் முன் கைகூப்பி நின்றபோதும் அந்தக் கேள்வி ஆசிரியையை விடவில்லை. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தானே மனிதர்கள் பிரார்த்தனைகூடச் செய்கிறார்கள். படிப்பவர் ஒருவரும் இல்லை என்றால் குழந்தைகள் எந்தத் தைரியத்தில் எழுதுவார்கள்?

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். அங்கிருந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் இளைஞனைப் பள்ளி முழுக்கக் கம்ப்யூட்டர் அண்ணன் என்றுதான் அழைக்கும். வயதில் மூத்த ஆசிரியர்களுக்கும் அவன் அண்ணன்தான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும், பாதிப் பாடத்தில் திரை இருண்டாலும், மின்சாரம் போனாலும் அவனிடம் ஒரே மருந்து இருந்தது. “பயப்படாதீங்க, அவ்வளவுதான் விஷயம்” என்பான். இவள் கேட்டதற்கும் அதையே சொன்னான்.

“ஒரு பிளாக் ஆரம்பிச்சாப் போச்சு டீச்சர். பசங்க எழுதறத அதுல போட்டா, எங்க இருந்து வேணா யாரு வேணா படிக்கலாம். படிச்சவங்க கீழயே பதில் எழுதலாம். நீங்க பார்த்து சரின்னு சொன்னாத்தான் அது வெளிய தெரியும். பசங்க நிஜப் பேரும் போட வேண்டாம், பட்டப்பேரே போதும். பயப்படாதீங்க, அவ்வளவுதான் விஷயம்.”

அவளுக்குக் காலை உணவு இரண்டு தடவை சாப்பிட்ட மாதிரி தெம்பு வந்தது.

தலைமையாசிரியைதான் பிடி கொடுக்கவில்லை. கெட்டவர் இல்லை. பள்ளியில் எரிகிற ஒவ்வொரு விளக்கும் தன் வீட்டு விளக்கு என்று நினைப்பவர். கம்ப்யூட்டர் அறையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்தால் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு அந்த நேரம் போய்விடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிபந்தனை சொன்னார்.

“இந்தப் பருவம் முடியற வரைக்கும் செஞ்சு பாருங்க. ஆனா, நீங்க படிச்சா கணக்கில்ல. பெத்தவங்க படிச்சாலும் கணக்கில்ல. இந்த ஸ்கூலுக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு இருக்கற வெளியாள் படிக்கணும். இல்லேன்னா அடுத்த பருவத்துல இருந்து பழையபடி நோட்டுதான்.”

“படிப்பாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வகுப்பில் செய்தி சொன்னதும் பெஞ்சுகள் ஆடின. பெயர் வைப்பதிலேயே ஒரு பாடவேளை போனது. ‘எங்களுக்கும் தெரியும்’ என்று கடைசியில் முடிவாயிற்று. அதுவரை ‘நான் ஒரு மரம்’ என்று ஒரே மரத்தை ஆளுக்கு ஒன்றாக எழுதிவந்த பிள்ளைகள், வெளியாள் படிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்துகொண்டார்கள். வெல்டிங் பட்டறைக்காரரின் மகன் தீப்பொறி எந்த நிறத்தில் கிளம்பி எந்த நிறத்தில் சாகிறது என்று எழுதினான். அடுக்குமாடியில் இருக்கும் ஒருத்தி, தங்கள் லிஃப்டு மட்டும் மூன்றாம் மாடியில் பெருமூச்சு விடுவதைப் பற்றி எழுதினாள். பருவம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது கேள்விப்பெட்டி எழுதியது இப்படித் தொடங்கியது: ‘எங்கள் வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.’ புறாக் குடும்பம். சுள்ளிக்கூட்டில் இரண்டு முட்டை. பகலில் அடைகாப்பது ஒரு புறா, சாயங்காலம் வந்து மாற்றிவிடுவது இன்னொரு புறா என்று கண்டுபிடித்திருந்தாள். ஒன்றுக்கு இறக்கையில் வெள்ளைத் திட்டு இருந்ததால் பிடிபட்டதாம். ஏசி போட்டால் பெட்டி அதிரும் என்று அப்பாவிடம் மன்றாடி, வீட்டில் இப்போது எல்லோரும் ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு படுக்கிறார்களாம்.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியில் எண் ஒன்று ஓடும்படி அண்ணன் வைத்திருந்தான். பார்வைகள். முதல் வாரம் அது படுத்துக் கிடந்தது. இரண்டாவது வாரம் எழுந்து உட்கார்ந்தது. அப்புறம் ஓடத் தொடங்கியது. அடுத்த வகுப்புக்கு வருவதற்குள் நூறு ஏறிவிடும். நூறு ஆயிரமாயிற்று. கடைசி பெஞ்சைத் தவிர எழுதாத பிள்ளையே இல்லை. உள்ளங்கையில் வாக்கியங்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆசிரியையும் லேசுப்பட்டவள் இல்லை. அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தபடியே நின்றதில் பால் பொங்கி வழிந்தது. அவள் கணவன் துணியால் துடைத்துக்கொண்டே, “பால் மட்டும் பொங்கல போல இருக்கே” என்றான்.

ஒரு பதிவுக்கும் கீழே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கல்யாண வீட்டில் கூட்டத்தைப் பார்த்தவன் சாப்பிட்டவர்களையா எண்ணுவான்?

எண் ஐந்தாயிரத்தைத் தொட்ட அன்று காலைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டாள். பள்ளியே கைதட்டியது. தலைமையாசிரியை ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து, அடுத்த பருவமும் கம்ப்யூட்டர் அறை ஆறாம் வகுப்புக்கு உண்டு என்று சொன்னார். பிள்ளைகளின் வரிசை ஒரு முழம் உயர்ந்தது.

அன்று மதியம் கம்ப்யூட்டர் அண்ணன் வந்து, வராண்டா ஓரமாக நின்று, ஒரு நிமிஷம் பேசணும் டீச்சர் என்றான். முகத்தில் ரத்தமில்லை. அவன் சொன்னது இதுதான். அந்த எண் ஆட்களை எண்ணுவதில்லை, பக்கம் திறக்கப்படும் தடவைகளை எண்ணுகிறது. திறந்த பக்கத்தையே திரும்பத் திறந்தாலும் ஏறும். எங்கிருந்து திறந்தார்கள் என்று இன்றைக்குத்தான் பார்த்தானாம். அத்தனையும் பள்ளிக்கூடத்துக் கணினிகள். மிச்சம் கொஞ்சம் ஒரே ஒரு போன்.

அந்தப் போன் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் போனை மூடிக்கொண்டாள்.

“பசங்க ஏன் அவ்வளவு தடவை திறந்தாங்க?”

வகுப்பில் போய் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. திரையின் மேல் மூலையில் வட்டமாக வளைந்த அம்பு ஒன்று இருக்கிறதல்லவா, அதை அமுக்கினால் எண் ஏறுவதை யாரோ முதல் வாரக் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமுக்க அமுக்கத்தான் பதிவு வெளியே போகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் படிக்கிறார், உடனே எண் ஏறுகிறது என்று வகுப்பு முழுக்க நம்பியிருந்தது. ஏமாற்ற வேண்டும் என்று ஒரு பிள்ளையும் நினைக்கவில்லை. இடைவேளைகளில் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடிப்போய், அழைப்பு மணி அடிப்பது போல, முறை வைத்து, விரல் வலிக்க வலிக்க அமுக்கியிருக்கிறார்கள். எழுதச் சோம்பல்படும் கடைசி பெஞ்சுக்காரர்கள், எழுதுகிறவர்களுக்காக அமுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அம்பு அதே பக்கத்தைத்தான் திரும்பத் திறக்கிறது என்று அவள் விளக்கிச் சொன்னாள். கேள்விப்பெட்டிதான் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நாங்களே எங்களுக்குக் கை தட்டிக்கிட்டோமா டீச்சர்?”

“நானும் சேர்ந்துதான் தட்டினேன்” என்றாள் ஆசிரியை.

யாருக்கும் தெரியாது என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவன் வாயிலிருந்து போகாது என்றும் சொல்லியிருந்தான். அது உண்மைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அறையும் நேரமும் கையில் இருக்கும். தலைமையாசிரியையின் அறை வாசலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளுக்குள் ஒரு வரிப் பிரார்த்தனை. கதவைத் தட்டினாள்.

கேட்டு முடித்த தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

“சொல்லாமலே இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம் மேடம். ஆனா நாளைக்கு அந்தப் பசங்க முன்னாடி நின்னு பாடம் நடத்தணுமே.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, நிபந்தனை நிபந்தனைதான் என்றும், பருவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றும் சொன்னார். குரலில் கடுமை இல்லை.

அந்த வாரம் எண்ணைக் காட்டும் பெட்டியை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வட்ட அம்பைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டார்கள். தினமும் பக்கத்தை ஒரே ஒரு தடவை திறந்து பார்ப்பார்கள். பதிவுகளுக்குக் கீழே வெறுமையாக இருக்கும். மூடுவார்கள். வெல்டிங்காரர் மகன், நோட்டிலேயே எழுதிவிட்டுப் போகலாம், அதுவாவது கனமாக இருக்கும் என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மதிய இடைவேளையில் அலுவலக ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் கம்ப்யூட்டர் அண்ணன் அந்த வாரம் அங்கே வரவில்லை. அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். பரீட்சை வேலையாக இருக்கும் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டாள்.

வாரக் கடைசிக்கு முந்தின நாள். அன்றைக்குரிய ஒரு தடவைக்காகப் பக்கத்தைத் திறந்தார்கள். அனுமதிக்காக ஒரு பின்னூட்டம் காத்திருந்தது.

ஆசிரியை அதை ஒரு தடவை படித்தாள். சரி என்று அமுக்கினாள். கேள்விப்பெட்டியின் பதிவுக்குக் கீழே எழுத்துகள் வந்து நின்றன. அவளையே எழுந்து நின்று படிக்கச் சொன்னாள்.

‘வணக்கம். நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் படிக்கும் ஒரு சிறு வகுப்பு. உங்கள் புறாக் கதையைப் படித்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். குஞ்சு பறக்கும்வரை உங்கள் அப்பா ஏசி போடாமல் தாங்குவார் என்று ஒரு கட்சி. தாங்கமாட்டார் என்று இன்னொரு கட்சி. சண்டை முற்றுவதற்குள் பதில் எழுதவும். அந்த மூன்றாம் மாடி லிஃப்டு இன்னும் பெருமூச்சு விடுகிறதா?’

கடைசி வார்த்தையை அவள் படித்து முடிக்கவில்லை. வகுப்பு எழுந்துவிட்டது. லிஃப்டுக்காரி பெஞ்சின்மேல் ஏறிவிட்டாள். “படிச்சிருக்காங்க, நிஜமாவே படிச்சிருக்காங்க” என்று ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்கினார்கள். கேள்விப்பெட்டி மட்டும் திரைக்கு முகத்தை ஒட்டவைத்து அந்த வரிகளைத் திரும்பப் படித்தாள். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகிய பிள்ளையை முதல் தடவையாக யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

“எங்க அப்பா தாங்குவாரு” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “நேத்து ரிமோட்டைத் தேடினாரு. நான் ஒளிச்சு வெச்சிட்டேன்” என்றாள்.

அதையும் அப்படியே பதிலாக எழுதினார்கள். அன்று பள்ளி முடிவதற்குள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். ரிமோட்டை எங்கே ஒளித்தாய்? முட்டை வெடித்துவிட்டதா? தீப்பொறி கையில் பட்டால் சுடுமா, சுடாதா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத ஆட்கள் முண்டியடித்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு பதிவு வேண்டும் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு மணி அடித்தது ஒருவருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் பருவத்தின் கடைசி நாள். ஆசிரியை தலைமையாசிரியையின் அறைக்குப் போய்த் திரையில் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் படித்தார். கீழே போனார், மறுபடி மேலே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிறேன் என்றுமட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசிப் பாடவேளையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார் தலைமையாசிரியை. எல்லோரும் எழுந்தார்கள். அவர் கேள்விப்பெட்டியைத் தேடிப் பிடித்தார்.

“ஏம்மா, அந்த முட்டை என்ன ஆச்சு?”

“ஒண்ணு பொரிஞ்சிடுச்சு மேடம். இன்னொண்ணுல ஓட்டை விழுந்திருக்கு.”

“உங்க அப்பா?”

“கட்டில மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு மேடம்.”

தலைமையாசிரியை சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். “லீவு நாள்லயும் எழுதிப் போடுங்க. பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது” என்றார். பிறகு ஆசிரியை பக்கம் திரும்பி, அறை உங்களுக்குத்தான் என்று சொன்னது பிள்ளைகளின் கூச்சலில் பாதிதான் கேட்டது.

எல்லோரும் போன பிறகு ஆசிரியை கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கடல் தாண்டிய வகுப்புக்கு ஒரு நன்றி எழுதலாம் என்று பின்னூட்டத்தில் இருந்த பெயரை அமுக்கி அவர்களுடைய வலைப்பூவைத் திறந்தாள். அங்கேயும் குட்டிக் குட்டிப் பதிவுகள். பனிக்கையுறை தொலைந்தது பற்றி, பக்கத்து வீட்டு நாயின் குறட்டை பற்றி. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் ஒரே ஒருவர் எழுதியிருந்தார். பெயர், ஒரு வாசகர். தொலைந்த கையுறை இடதா வலதா, நாய் மல்லாந்து படுக்குமா என்றெல்லாம் ஆசையாகக் கேட்டிருந்தார். கடைசிப் பின்னூட்டம் இப்படி முடிந்தது:

‘நேரம் இருந்தால் இந்தப் பக்கம் ஒரு புறாக் குடும்பம் இருக்கிறது, பாருங்கள். உங்களைப் போலவே அவர்களும் வாசகருக்காகக் காத்திருக்கிறார்கள். தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அவ்வளவுதான் விஷயம்.’

ஆசிரியை அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருக்களித்த கதவும் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறக்காமல் இருந்த சாப்பாட்டு டப்பாவும் கண்ணில் வந்து நின்றன.

ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் பெயரை மறைத்துக்கொண்டு செய்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூச வைப்பது நன்றியாகுமா? கடவுளும் இப்படித்தான், யார் கொடுத்தது என்று தெரியாமலே கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

‘ஒரு வாசகர்’ என்ற பெயரைச் சும்மா அமுக்கிப் பார்த்தாள். அது இன்னொரு வலைப்பூவுக்குக் கூட்டிப்போனது. சில வருஷங்களாக யாரும் தொடாத பக்கம். பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டும்போது கண்ட சங்கதிகள். ஒரு பதிவில், பள்ளிக்கூடத்துக் கீபோர்டு ஒன்றைக் கவிழ்த்துத் தட்டியபோது என்னென்ன விழுந்தன என்று எழுதியிருந்தான். ரப்பர்த் துகள், பென்சில் முனை, கம்மல் திருகாணி, ஒரு குழந்தையின் பால்பல். எந்தப் பதிவுக்குக் கீழேயும் ஒரு வரி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக எழுதிய பதிவு இரண்டே வரி: ‘நான் எழுதுவதை நான் மட்டும்தான் படிக்கிறேன் போலிருக்கிறது. சரி, பரவாயில்லை.’

அவள் அவசரப்படவில்லை. முதல் பதிவிலிருந்து தொடங்கினாள். ஒன்றையும் தாண்டாமல், சிரிக்க வேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்து, எல்லாவற்றையும் படித்து முடித்தாள். அப்புறம் கீபோர்டு பதிவுக்குக் கீழே எழுதினாள்.

‘அந்தப் பால்பல்லை என்ன செய்தீர்கள்? அதன் சொந்தக்காரர் கிடைத்தாரா? எல்லாப் பதிவுகளையும் படித்தேன். இன்னும் வேண்டும்.’

பெயர் கேட்ட இடத்தில், இன்னொரு வாசகர் என்று போட்டாள். அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் பழக்கத்தில் விரல் வட்ட அம்பை நோக்கிப் போனது. பாதி வழியில் இழுத்துக்கொண்டாள். அவனுடைய எண்ணாவது சுத்தமாக இருக்கட்டும். கணினியை அணைத்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, விளக்கை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.